பெரிய வியாழனன்று நீ வாசிக்கப்போகும் நான்கு வசனங்கள்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல்.

பெரிய வியாழன் ஆராதனையில் நிருப பாகம், அதாவது வேதாகமத்தின் கடிதப் பகுதி, வாசிக்க உன் பெயரைப் போட்டிருக்கிறார்கள் என்று போனில் சொன்னாய். 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரம், 23 முதல் 26 வரை, நான்கே வசனங்கள். அதைச் சொல்லிவிட்டு, "சுவிசேஷத்தில் கதை இருக்கிறது, சங்கீதத்தில் பாட்டு இருக்கிறது, நிருபங்களில் புத்திமதி மட்டும்தானே மாமா, இவற்றை எதற்காகத்தான் எழுதினார்கள்?" என்று கேட்டாய். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. இதே கேள்வி வேறு பலருக்கும் இருக்கும் என்பதால், பொதுவிலேயே உனக்கு எழுதுகிறேன்.

மேலே நான் எழுதிய முதல் வரியிலிருந்தே தொடங்கலாம். 'நலம், நலமறிய ஆவல்' என்பது நமக்குக் கைவழக்கம். முதல், இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்கக் கடிதங்களுக்கும் இப்படி ஒரு வாய்பாடு இருந்தது. எகிப்தின் மணலுக்கடியில் இருந்து கிடைத்த பப்பைரஸ் (நாணல் தாள்) கடிதங்களில் அதைப் பார்க்கலாம். ரோமக் கடற்படையில் சேர்ந்த அப்பியோன் என்ற இளைஞன் இரண்டாம் நூற்றாண்டில் தன் தகப்பனுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. முதலில் தன் பெயர், அடுத்து தகப்பன் பெயர், பிறகு வாழ்த்து. நீங்கள் சுகமாயிருக்க வேண்டுகிறேன் என்று ஒரு வரி. கடலில் ஆபத்துக்குள்ளானபோது தன்னைக் காப்பாற்றிய சராப்பிஸ் தெய்வத்துக்கு நன்றி. அதன் பிறகே கிடைத்த வழிச்செலவுப் பணமும் மற்றச் செய்திகளும். கொரிந்தியருக்கு எழுதிய அப்போஸ்தலர் பவுலின் கடிதங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார். எழுதுபவர் பெயர், பெறுபவர் பெயர், வாழ்த்து, தேவனுக்கு நன்றி, பிறகு விஷயம். கிரேக்கர் 'கைரேயின்' என்று வாழ்த்தும் இடத்தில் அதே வேரிலிருந்து பிறந்த 'காரிஸ்', அதாவது கிருபை என்ற சொல்லை வைத்து, யூதர் வாழ்த்தாகிய சமாதானத்தையும் அதனோடு சேர்த்துக்கொள்கிறார். கலாத்தியருக்கு எழுதும்போதோ அந்த நன்றிப் பகுதியே இல்லை. வாழ்த்து முடிந்ததும், இவ்வளவு சீக்கிரமாக விலகிப்போனீர்களே என்று ஆச்சரியப்படுகிறேன் என்று பாய்கிறார். நலம் விசாரிக்காமல் தொடங்கும் கடிதம் வீட்டில் எப்படிப்பட்ட கலக்கத்தை உண்டாக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களில் 21 கடித வடிவில் இருக்கின்றன. எபிரெயர் போன்ற ஓரிரண்டு பிரசங்கத்துக்கு அருகில் நிற்கின்றன என்றாலும், பெரும்பாலானவை நேரில் போக முடியாத ஒருவர் தமக்குப் பதிலாக அனுப்பிய குரல்தான். அடுத்த அறையில் யாரோ போனில் பேசுவதை நாம் கேட்பது போல, ஒரு பக்கப் பேச்சு மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கிறது. மறுமுனையில் கேட்கப்பட்டதை ஊகிக்காவிட்டால் பதிலும் வெறும் புத்திமதியாகத்தான் கேட்கும். அவை அடுக்கப்பட்டிருக்கும் முறையும் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிடுகிறது. பவுலின் பெயரிலுள்ளவற்றில் சபைகளுக்கானவை முதலில், தனி மனிதர்களுக்கானவை அடுத்து. ஒவ்வொரு தொகுதியிலும் ஏறக்குறைய நீளமானது முன்னே, குறுகியது பின்னே. எழுதப்பட்ட கால வரிசையில் பார்த்தால் 1 தெசலோனிக்கேயரே முந்தியது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், ஏறக்குறைய கி.பி. 50. அதிலும் கேள்வி மிகவும் எளிய ஒன்றுதான். ஆண்டவர் சீக்கிரம் வருவார் என்று காத்திருந்த ஊரில் சிலர் இறந்துவிட்டார்கள். அவர்கள் கதி என்ன? உயிர்த்தெழுதலைப் பற்றி அங்கே அவர் எழுதுவது துக்க வீட்டுக்கு எழுதிய ஆறுதல்.

இனி கிரேக்க நாட்டுக் கொரிந்து. கி.மு. 146இல் ரோமர் அழித்து, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடியும் குடியேற்றிய ஊர் அது. இரண்டு பக்கமும் துறைமுகங்கள். விடுதலை பெற்ற அடிமைகளும் வணிகர்களும் புதுப்பணமும் நிறைந்த இடம். ஐம்பதுகளின் நடுவில் பவுல் எபேசுவில் இருக்கும்போது அங்கிருந்து செய்தி மூன்று வழிகளில் வருகிறது. குலோவேயாளின் வீட்டார் வந்து கோஷ்டிச் சண்டையைப் பற்றிச் சொல்கிறார்கள். சபையார் கேள்விகளை எழுதி அனுப்புகிறார்கள். ஸ்தேவான் முதலான மூவர் நேரில் வருகிறார்கள். பவுல் ஏற்கெனவே ஒரு கடிதம் எழுதியிருந்ததை 5ஆம் அதிகாரத்தில் அவரே குறிப்பிடுகிறார். அது தொலைந்துபோனது. ஆகவே நாம் 'முதலாம்' கொரிந்தியர் என்று சொல்வது உண்மையில் முதலாவது அல்ல.

முதல் அதிகாரத்தில் நான் மிகவும் ரசிக்கும் ஓர் இடம் உண்டு. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று அவர்கள் பிரிந்து நிற்பதைக் கண்டு எரிச்சலடைந்து, கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் தவிர உங்களில் ஒருவருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று அடித்துச் சொல்கிறார். அடுத்த மூச்சில் ஸ்தேவானின் வீட்டாருக்கும் கொடுத்ததுண்டு என்று திருத்துகிறார். அதற்கும் பிறகு, வேறு யாருக்காவது கொடுத்தேனோ, தெரியவில்லை என்று முடிக்கிறார். அந்த ஸ்தேவானே அப்போது பக்கத்தில் நின்று நினைவூட்டியிருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எழுத்தாளரிடம் சொல்லச் சொல்ல எழுதப்பட்டதால்தான், அழித்து எழுதாமல் அந்தத் தடுமாற்றம் அப்படியே நிற்கிறது. ரோமர் நிருபத்தின் கடைசியில் தெர்தியு என்ற எழுத்தாளர், எழுதின நானும் வாழ்த்துகிறேன் என்று தன் பெயரையே நுழைத்துவிடுகிறார், பார்த்திருக்கிறாயா?

உன் நான்கு வசனங்களுக்கு முன்னால் 17ஆம் வசனத்திலிருந்து இருப்பது ஒரு சாப்பாட்டுச் சண்டை. வீடுகளில் கூடிய காலம் அது. ரோமர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் மூன்று சாய்மஞ்சங்கள் போட்டு ஒன்பது பேர் வரை உட்காரவைப்பது வழக்கம். அதற்கு மேல் வந்தவர்கள் முற்றத்தில் இருந்திருப்பார்கள் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். அறையின் அளவு எதுவாக இருந்தாலும், நடந்தது கடிதத்திலேயே தெளிவாக இருக்கிறது. அவரவர் சாப்பாட்டை அவரவர் முந்திக்கொண்டு சாப்பிட, ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறித்திருக்கிறான். உங்களுக்குச் சாப்பிட வீடுகள் இல்லையா, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கேட்கிறார். அதற்குப் பிறகுதான், ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இராத்திரியிலே அப்பத்தை எடுத்தார் என்ற வார்த்தைகள் வருகின்றன. மாற்கு சுவிசேஷம் எழுதப்பட்டது ஏறக்குறைய கி.பி. 70இல் என்பது பொதுவான கணிப்பு. அப்படியானால் கடைசி இராப்போஜனத்தைப் பற்றி நம்மிடம் உள்ள மிகப் பழைய எழுத்து இந்த நான்கு வசனங்களே. கொரிந்தில் பணக்காரர்கள் ஏழைகளுக்காகக் காத்திருந்து சாப்பிட்டிருந்தால் பவுல் இதை எழுதியிருக்கவே தேவையில்லை.

அந்தக் காலக் கடிதங்களின் பெரிய கருப்பொருள்கள் எல்லாமே இப்படித்தான் பிறந்தன என்பது என் கட்சி. ஒரே சரீரம் என்ற உவமை கோஷ்டிச் சண்டையிலிருந்தும், நீதிமானாக்கப்படுதல் என்ற வாதம் புறஜாதியார் விருத்தசேதனம் பண்ணிக்கொள்ள வேண்டுமா என்ற தகராறிலிருந்தும் வந்தன.

பிலேமோன் என்ற எஜமானுக்கு எழுதியது 25 வசனம். கிரேக்கத்தில் 335 சொற்கள். ஒநேசிமு என்ற அடிமையைத் திருப்பி அனுப்பும்போது கையில் கொடுத்த பரிந்துரைக் கடிதம். அந்தப் பெயருக்குப் பயனுள்ளவன் என்று பொருள்; முன்பு பயனற்றவன், இப்போது உனக்கும் எனக்கும் பயனுள்ளவன் என்று பவுல் சொல் விளையாடுகிறார். அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் நானே தருகிறேன், இதை என் கையாலேயே எழுதுகிறேன் என்கிறார். நீயே எனக்குக் கடன்பட்டவன் என்பதைச் சொல்லவில்லை என்று சொல்லியும் விடுகிறார். கடிதமோ பிலேமோனுக்கு மட்டுமல்ல, அவர் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்து முகவரியிடப்பட்டது. எல்லோர் முன்னும் வாசிக்கப்படும்போது மறுப்பது எப்படி? போதாததற்கு, நான் தங்க ஓர் இடம் ஆயத்தம் பண்ணு என்று வேறு எழுதுகிறார். அதாவது வந்து பார்க்கப்போகிறார். சாமர்த்தியமான கடிதம்தான். ஆனாலும் அவனை விடுதலை செய் என்ற ஒரு சொல் அதில் வெளிப்படையாக இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பிற்காலத்தில் அடிமைமுறையை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் இதே 25 வசனங்களை எடுத்துக்காட்ட முடிந்தது அதனால்தான்.

கத்தோலிக்கர் நிருபத்தைத் 'திருமுகம்' என்கிறார்கள், அழகான பழஞ்சொல். சைவர்களின் பதினோராம் திருமுறையில், பாணபத்திரர் என்ற பாணருக்குப் பொருள் கொடுக்கும்படி மதுரை ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்கு அனுப்பியதாகச் சொல்லப்படும் திருமுகப் பாசுரமும் இதே வகைப் பரிந்துரைக் கடிதம்தான். கொண்டுபோகிறவரை ஏற்றுக்கொள் என்பதே இரண்டுக்கும் மையம். ரோமர் நிருபத்திலும், கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பவுல் கேட்கிறார். கடிதத்தைக் கொண்டுபோனவர் அவரே என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

பவுலுக்குப் பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை. முதல் நூற்றாண்டின் கடைசியில் ரோமச் சபை கொரிந்துக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியது; கிளமெந்து எழுதியதாக அறியப்படுவது. மூப்பர்களை நீக்கிவிட்டார்களாம், மறுபடியும் அதே ஊர், மறுபடியும் சண்டை! ஏறக்குறைய கி.பி. 170இல் கொரிந்தின் ஆயர் தியோனீசியு, அக்கடிதத்தை இன்னும் சபையில் வாசித்துவருவதாக எழுதுகிறார். தங்களைத் திட்டி வந்த கடிதத்தை எழுபது ஆண்டுகளுக்கு மேல் பத்திரப்படுத்தி வாசித்தவர்கள் அவர்கள். ஒருவருக்கு வந்ததை மற்றவர் நகலெடுத்து, சேர்த்துத் தைத்து, அப்படித்தான் கடிதங்கள் வேதமாயின. கி.பி. 200ஐ ஒட்டிய ஒரு பப்பைரஸ் தொகுப்பின் 86 தாள்கள் இன்றும் டப்ளினிலும் மிச்சிகனிலும் இருக்கின்றன. உன் நான்கு வசனங்களும் அதில் உண்டு.

ஆயரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார். 23இலிருந்து தொடங்காமல் 17இலிருந்து வாசிக்க அனுமதித்தால் ஒரு நிமிடம்தான் கூடுதலாகும். 33ஆம் வசனம் வரை போக விட்டால் இன்னும் நல்லது; ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பது அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் மாமா