விக்டோரியா அரசியும் கோஹினூர் வைரமும்: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் புனைவுத் தொடர்களில் இடம்பெறும் அரசர்களையும் அரசிகளையும் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரைப் பல ஆண்டுகளாக விடாமல் பார்த்து வருபவன் நான். விக்டோரியா அரசி அத்தொடரில் கதைக்கு அழகு சேர்க்க வந்த ஒரு பாத்திரம் மட்டுமே என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அத்துடன், அரசியின் கணவர் ஆல்பர்ட் கோஹினூர் வைரத்தைத் திரும்பத் திரும்பச் செதுக்கச் செய்தார் என்று தொடரில் வரும் ஒரு வசனத்தை அவர் வரலாறாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். அதையும் திருத்த வேண்டியிருக்கிறது.

அரசி வரும் அத்தியாயத்தின் பெயர் 'டூத் அண்ட் கிளா'. 2006 ஏப்ரல் 22 அன்று ஒளிபரப்பான அதில் பாலின் காலின்ஸ் அரசியாக நடித்தார். கதை நடப்பது 1879இல், ஸ்காட்லாந்தில். பால்மோரல் அரண்மனைக்குச் செல்லும் வழியில் டார்ச்வுட் இல்லத்தில் இரவு தங்கும் அரசியை ஓநாய் மனிதன் ஒருவன் வேட்டையாட வருகிறான். அரசியின் மறைந்த கணவர் ஆல்பர்ட்டும் அவ்வீட்டின் முந்தைய உரிமையாளரும் சேர்ந்து வடிவமைத்த தொலைநோக்கியில் கோஹினூரை வைத்து, நிலவொளியைக் குவித்து, தொடரின் நாயகனான காலப்பயணி டாக்டரும் அவருடன் பயணிக்கும் ரோஸ் என்ற பெண்ணும் அவனை அழிக்கிறார்கள். ஆல்பர்ட் அந்த வைரத்தைத் திரும்பத் திரும்பச் செதுக்கச் செய்தார் என்றும், அந்த வேலை முடியாமலே இறந்துபோனார் என்றும் கதை சொல்கிறது. உண்மையில் ஆல்பர்ட்டின் மேற்பார்வையில் அது மறுபடி பட்டை தீட்டப்பட்டது ஒரே முறைதான். 1851ஆம் ஆண்டு லண்டன் பொருட்காட்சிக்கு வந்தவர்கள் கல்லில் ஒளியே இல்லை என்று ஏமாற்றம் அடைந்ததால், மறு ஆண்டு ஹாலந்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து, நீராவியால் இயங்கும் பட்டை தீட்டும் இயந்திரத்தைக் கொண்டு அந்த வேலையைச் செய்து முடித்தார்கள். ஏறத்தாழ 186 காரட்டாக இருந்த கல் 106 காரட்டுக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கிற்று. ஆல்பர்ட் மறைந்தது அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1861இல்.

புனைவில் இந்த அளவு மாற்றத்தை நான் குறை கூற மாட்டேன். செதுக்கப்பட்ட கல்லின் வடிவமே ஓர் ஆயுதத்தின் திறவுகோல் என்பது அருமையான கற்பனை. என்னை உறுத்துவது வேறொன்று. போரில் கிடைத்த பொருள் என்று அரசியே அந்த வைரத்தைப் பற்றிச் சொல்கிறார். கதை அதற்கு மேல் அங்கே நிற்பதில்லை. 1849 மார்ச்சில் லாகூர் உடன்படிக்கையின் மூலம் பஞ்சாப் அரசையும் இந்தக் கல்லையும் ஆங்கிலேயர்களுக்கு விட்டுக்கொடுத்த மகாராஜா துலீப் சிங் அப்போது பத்து வயதுச் சிறுவன். கல்லை இங்கிலாந்து அரசியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் தனி விதியாகவே எழுதப்பட்டிருந்தது. சில ஆண்டுகளில் அவரும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரிலும் சில காலம் வாழ்ந்தார். கதை நடப்பதாகச் சொல்லப்படும் 1879இல் அவர் சஃபோக்கில் எல்வடன் பண்ணையில், நாற்பது வயது மனிதராக, உயிரோடு இருந்தார். அந்த வைரம் அந்த இரவில் அரசியின் உயிரைக் காக்கிறது. அதை இழந்தவரின் பெயர் அத்தியாயத்தில் எங்குமே உச்சரிக்கப்படவில்லை.

அதே அத்தியாயத்தில் அரசியை 'இந்தியாவின் பேரரசி' என்ற பட்டத்தோடு அறிமுகப்படுத்துகிறார் டாக்டர். அப்பட்டம் 1877 ஜனவரி 1 அன்று டெல்லி தர்பாரில் அறிவிக்கப்பட்டபோது சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் தலைவிரித்தாடியது. அந்தப் பஞ்சத்தின் கதைகளைப் பாட்டிமார் வாயால் கேட்டு வளர்ந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. ஆகவே அந்தப் பட்டத்தைக் கேட்கும்போது எனக்கு அது வெறும் அலங்காரச் சொல்லாக ஒலிப்பதில்லை.

அரசி அலங்காரப் பாத்திரம் அல்ல என்பதற்குச் சான்று அத்தியாயத்தின் முடிவிலேயே இருக்கிறது. சுற்றிலும் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தபோது டாக்டரும் ரோஸும் அதை ஒரு வேடிக்கை போல ரசித்ததை அரசி கவனித்துவிடுகிறார். விடிந்ததும் இருவருக்கும் பட்டம் வழங்கிய கையோடு அவர்களைத் தம் நாட்டைவிட்டே வெளியேற்றுகிறார்; பிறகு, வேற்றுலகத்திலிருந்து வரும் ஆபத்துகளை எதிர்கொள்ள டார்ச்வுட் என்ற அமைப்பை நிறுவுகிறார். பாலின் காலின்ஸ் அந்தக் காட்சியில் காட்டும் அடக்கமான கோபத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அரசி எடுத்த அந்த முடிவு தொடரின் அண்டம் முழுவதையும் மாற்றிவிடுகிறது. 2006 ஜூலையில் வந்த 'ஆர்மி ஆஃப் கோஸ்ட்ஸ்' அத்தியாயத்தில், லண்டனின் கேனரி வார்ஃப் கோபுரத்தில் இயங்கும் அதே அமைப்பின் தலைவி, வேற்றுலகப் பொருள் எதுவானாலும் அது எங்களுடையது என்பதே தங்கள் கொள்கை என்கிறார்; வானத்திலிருந்து விழுவதையெல்லாம் பிரித்தெடுத்துப் பிரிட்டிஷ் பேரரசுக்குப் பயன்படுத்துவோம் என்கிறார். லாகூர் உடன்படிக்கையின் அந்த விதியை அறிந்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. கோஹினூரை எடுத்துக்கொண்ட அதே மனநிலைதான் இங்கே விண்வெளிக் கலங்களையும் எடுத்துக்கொள்கிறது.

2017இல் வந்த 'எம்பிரஸ் ஆஃப் மார்ஸ்' இதை இன்னும் வெளிப்படையாகக் காட்டியது. 1881இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய ஆங்கிலப் படைவீரர்கள் அரசியின் படத்தை மாட்டி வைத்து, அக்கோளையே அவர் பெயரால் உரிமை கொண்டாடுகிறார்கள். அங்கே முன்பே வாழ்ந்தவர்களுக்குச் சொந்தமாக ஓர் அரசி இருக்கிறாள் என்பது அவர்களுக்குப் பின்னர்தான் தெரிகிறது. படத்தில் இருப்பதும் பாலின் காலின்ஸ்தான். விக்டோரியா நேரில் வராத கதையிலும் அவருடைய ஆட்சி செயல்படுகிறது என்பதைக் கட்டுரையாளர் கருத்தில் கொண்டிருக்க வேண்டும்.

கட்டுரை நூல் வடிவம் பெறும் என்று இதழின் குறிப்பில் கண்டேன். அப்போது வைரம் பட்டை தீட்டப்பட்ட ஆண்டையும் எடையையும் சரிசெய்து, துலீப் சிங்கின் பெயரையும் சேர்க்குமாறு தங்களையும் கட்டுரையாளரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி