மாடலில் ஏன் இத்தனை நிறம்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஓசூர் பட்டறையிலிருந்து எழுதுகிறோம். இந்த மாதம் முதல் நாங்கள் அனுப்பும் கேட் (CAD, கணினியில் வரையும் முப்பரிமாண) மாடல்களில் ஒரே பார்ட்டில் நாலைந்து நிறங்கள் இருக்கும். அழகுக்காக அல்ல; எந்த ஃபேஸில் (பார்ட்டின் ஒவ்வொரு பரப்பும் ஒரு ஃபேஸ்) என்ன வேலை என்பதை நிறமே சொல்லிவிடும்.

ஒரு பேரிங் ஹவுசிங் காஸ்டிங்கை, அதாவது பேரிங்கைத் தாங்கும் வார்ப்பை, எடுத்துக்கொள்வோம். வார்த்தபடியே விடும் இடமெல்லாம் சாம்பல். மில்லிங் செய்யும் அடிப்பரப்பு நீலம். 6205 பேரிங் உட்காரும் 52 மி.மீ. போர் (உள்துளை) ஆரஞ்சு. அங்கே எச்7 (H7) என்ற அளவு வரம்பு: 52-க்குக் கீழே இறங்கவே கூடாது, மேலே 0.030 மி.மீ. வரை போகலாம். எம்8 டேப் ஓட்டைகள் (8 மி.மீ. போல்ட்டுக்கு உள்ளே மரை வெட்டும் ஓட்டைகள்) மஞ்சள். இந்த மஞ்சள்தான் எங்களுக்கு ரொம்ப முக்கியம். எம்8-க்கு 6.8 மி.மீ. ட்ரில் போட்டுத்தான் டேப் அடிப்போம். மாடலிலும் பெரும்பாலும் மரை தெரியாது, வெறும் 6.8 ஓட்டையாகத்தான் நிற்கும். நிறம் இல்லாவிட்டால் சாதா ஓட்டை என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் ஆலை நடத்துபவர்களுக்குக் கூடுதலாக ஒரு வெள்ளை: கூழ் படும் ஃபேஸ், பாலிஷ் கட்டாயம். சிவப்பையும் பச்சையையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம். அவை இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் பலர் உண்டு.

நீங்களே மாடல் அனுப்புவதானால், சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் நிறம் கொடுக்கும்போது ஃபேஸ், ஃபீச்சர், பாடி, பார்ட் என்று வரும். ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். ஃபீச்சர் என்று கொடுத்தால் அந்த எக்ஸ்ட்ரூடின் (வடிவத்தை நீட்டி உருவாக்கிய பகுதியின்) எல்லாப் பக்கமும் நிறம் மாறிவிடும். அசெம்பிளியில் (பல பார்ட்டுகளைச் சேர்த்த மாடலில்) வைத்து முழு பார்ட்டுக்கும் நிறம் கொடுத்தால், கீழே நீங்கள் கொடுத்த ஃபேஸ் நிறங்கள் மறைந்துவிடும். ஃப்ரீகேட் மென்பொருள் வைத்திருப்பவர்கள் மாடலை முடித்த பிறகு கடைசியாக நிறம் கொடுங்கள். முக்கியமாக 1.0-க்கு முந்தைய பதிப்புகளில், மாடலைத் திருத்தினால் ஃபேஸ்களின் எண் மாறி, நிறம் வேறு ஃபேஸுக்குப் போய்விடும்.

அப்புறம், ஃபைல். ஸ்டெப் (STEP) ஃபைலாக, ஏபி 214 அல்லது ஏபி 242 வகையில் சேமித்தால் நிறமும் கூடவே வரும். பழைய ஏபி 203-இல் நிறம் விட்டுப்போகும். எஸ்டிஎல் (STL) ஃபைல் அனுப்ப வேண்டாம். அதில் இருப்பது முக்கோணங்கள்தான். 3டி பிரிண்டுக்குச் சரி, மெஷினிங்குக்கு உதவாது.

டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு வித்தியாசம்) போட்ட டிராயிங்கையும் மறக்காமல் சேர்த்து அனுப்புங்கள். நிறம் ஒன்றும் டிராயிங் ஒன்றும் சொன்னால், போன் செய்து உங்களைக் கேட்காமல் டூலை இறக்க மாட்டோம். நிறப் பட்டியல் ஒவ்வொரு கொட்டேஷனுடனும் வரும். உங்கள் கம்பெனியில் ஏற்கெனவே வேறு நிறமுறை இருந்தால் அதையே அனுப்புங்கள், அதன்படி செய்து தருகிறோம்.

அன்புடன்,
டிசைன், மெஷினிங் பிரிவு
ஓசூர்