உரசும் இடத்தில் வளரும் படலம்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகள் வேலையில் சேர்ந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் இப்போது பரவாயில்லை, காலையில் கொஞ்சம் நடக்கிறேன். பதில் தாமதமானதற்கு நீ கடைசியில் கேட்ட கேள்விதான் காரணம். பழைய இன்ஜினுக்குப் புது கேம்ஷாஃப்டும் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள், அதாவது கேம்கள், உள்ள தண்டு) அந்த மேடுகள் தள்ளும் டாப்பெட்டும் போட்டிருக்கிறாய். ஆயிலோடு ஜிங்க் அடிட்டிவ் ஒரு பாட்டில் கூடுதலாக ஊற்றலாமா என்று கேட்டாய். ஒற்றை வரியில் பதில் எழுத மனம் வரவில்லை.

வழவழப்பாகத் தெரியும் கேமிலும் நுண்ணிய மேடுகள் உண்டு. பாரம் முழுவதையும் அந்த மேட்டு நுனிகளே தாங்குகின்றன. அங்கே எண்ணெய் பிதுங்கி வெளியேறிவிடும். நீ கேட்ட ஜிங்க் அடிட்டிவ், அதாவது இசட்.டி.டி.பி. என்று நாம் சொல்லும் துத்தநாகச் சேர்மம், அதற்கு அங்கேதான் வேலை. 1940களில் அதை ஆயிலில் கலந்ததே எண்ணெய் கெடாமலும் பேரிங் அரிக்காமலும் இருக்கத்தான். தேய்மானத்தையும் தடுக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. உராய்வில் அந்த மூலக்கூறு உடைந்து, துத்தநாக பாஸ்பேட்டாலான கண்ணாடி போன்ற படலமாக இரும்பின் மேல் திட்டுத்திட்டாகப் படிகிறது. தடிமன் சுமார் 100 நானோமீட்டர். ஒரு தலைமுடியை நூற்றுக்கணக்கில் பிளந்தால் வரும் அளவு.

அது எங்கே படிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். உரசும் தடத்தில் திட்டு வளர்கிறது. ஒட்டியே இருக்கும் உரசாத பகுதியில், அதே ஆயில், அதே சூடு, ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நுனிகள் மோதும் கணத்தில் எழும் வெப்பம்தான் காரணம் என்று நாம் படித்தோம், நினைவிருக்கிறதா? 2015இல் அணுவிசை நுண்ணோக்கியின் ஊசியால் உரசிப் பார்த்தார்கள். அழுத்தம் கூடக்கூடப் படலம் வளரும் வேகம் மடங்கு மடங்காக ஏறியது. அடுத்த வருடம் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜாங்கும் ஸ்பைக்ஸும் இன்னும் ஒரு படி போனார்கள். எளிதில் சறுக்க விடாமல் இழுத்துப் பிடிக்கும் திரவம் ஒன்றில், உலோகமும் உலோகமும் தொடாத நிலையிலேயே படலம் வளர்வதைக் காட்டினார்கள். அப்படியென்றால் மூலக்கூறை இழுத்துப் பிய்ப்பது அந்தத் திரவத்தின் சறுக்கு விசை. அதிகம் கஷ்டப்படும் இடத்தில் அதிகம் வளர்கிறது. தேய்ந்து போனால் மறுபடி வளர்கிறது. என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே மிக அழகான கண்டுபிடிப்பு இதுதான்.

சரி, அதனால் நிறைய ஊற்றினால் நிறையப் பாதுகாப்பா? இல்லை. உலோகப் பரப்பு அளவானது. அழுக்கைக் கழுவும் அடிட்டிவும் கசடை மிதக்கவைக்கும் அடிட்டிவும் அதே பரப்பில் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன. தயாரிப்பாளர் பார்த்துப் பார்த்து அமைத்த சமநிலையை நம் பாட்டில் குலைத்துவிடும். புது கார்களில் இந்தச் சேர்மத்திலுள்ள பாஸ்பரஸ், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், 2004இல் வந்த ஜிஎஃப்-4 என்ற இன்ஜின் ஆயில் தரத்தில் பாஸ்பரஸுக்கு 0.08 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். உன் இன்ஜினில் கன்வெர்ட்டர் இல்லை. அதோடு டாப்பெட் தட்டையானது, கேமோடு கடுமையாக உரசும். ஜிங்க் கூடுதலாக வைத்தே தயாரித்த ஆயிலை வாங்கி ஊற்று, பாட்டில் வேண்டாம். அப்புறம், இந்தப் படலம் உராய்வைக் குறைக்காது. சொரசொரப்பானது, கொஞ்சம் கூட்டவே செய்யும். உராய்வைக் குறைப்பது மாலிப்டினம் அடிட்டிவ், அது வேறு கதை.

கியர்பாக்ஸ் விஷயத்தில் நான் செய்த தவறை நீ செய்யாதே. டிஃபரன்ஷியலுக்கு (பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள பற்சக்கரப் பெட்டி) வாங்கிய கந்தகம் மிகுந்த ஆயிலையே கியர்பாக்ஸிலும் ஊற்றினேன். கடும் அழுத்தத்தில் பற்கள் ஒட்டிக்கொள்ளாமல் இரும்பு சல்பைடு படலம் உண்டாக்குவதுதான் அந்தக் கந்தகத்தின் வேலை. செம்பு கலந்த உலோகத்தை அது அரித்துவிடும். சில மாதத்தில் கியர் மாற்றும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். திறந்தால், கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சின்க்ரோ ரிங்குகள் கறுத்துத் தேய்ந்து கிடந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்ஜினை முதலில் கிளப்பியதும் ஐடிலில் விடாதே. 2000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற்றி இறக்கி இருபது நிமிடம் ஓட்டு. கேமுக்கு எண்ணெய் தெறித்துத்தான் வருகிறது, மெதுவாக ஓடினால் போதாது. பிறகு எப்போதாவது திறந்து பார்க்கும்போது கேம் முகத்தில் நீலமும் பழுப்புமாகத் திட்டு தெரிந்தால், கறை என்று நினைத்துத் தேய்த்து எடுத்துவிடாதே. எனக்கு ஒரு போட்டோ அனுப்பு.

அன்புடன்,
செல்வம்