முடிவுத்தாளில் இன்னும் இரண்டு வரி எழுதுங்கள்

கால்நடை மருத்துவர்களுக்கும், நாய்களின் இரத்தத்தில் புற்றுநோய் அறிகுறி தேடும் ஆய்வகங்களுக்கும்,

வணக்கம்.

9 வயதான என் நாய்க்கு, புற்றுநோய் அறிகுறியை இரத்தத்தில் தேடும் நியூக்ளியோசோம் பரிசோதனை செய்தார்கள். அளவு அதிகம் என்று முடிவு வந்தது. பிறகு எக்ஸ்ரே, ஸ்கேன், தூக்கமற்ற இரவுகள். எதிலும் கட்டி தென்படவில்லை. கடைசியில்தான் ஒருவர் கேட்டார்: "இரத்தம் எடுக்கும் முன் சாப்பிட்டதா?" வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தது! வெறும் வயிற்றில் மீண்டும் பார்த்தபோது அளவு இறங்கிவிட்டது. செல்கள் சாகும்போது இரத்தத்தில் கலக்கும் டி.என்.ஏ. துணுக்குகள், புரதத்தில் சுற்றியவை, இந்த நியூக்ளியோசோம்கள். புற்றுநோய் மட்டுமல்ல, அழற்சி, கிருமித்தொற்று, காயம், ஏன், ஒரு வேளைச் சாப்பாடுகூட அவற்றைக் கூட்டிவிடும். இதை முன்பே சொல்ல ஒரு நிமிடம் போதும்.

பரிசோதனையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மண்ணீரலில் ஓசையின்றி வளரும் ஹீமாஞ்சியோசர்கோமா என்ற இரத்தக்குழாய்ப் புற்றுநோய், பெரும்பாலும் கட்டி வெடித்து நாய் சுருண்டு விழும்போதுதான் வெளியே தெரிகிறது. அதை முன்கூட்டியே பிடிக்க முடிந்தால் யார்தான் மறுப்பார்கள்?

ஆனால் கணக்கைப் பாருங்கள். இரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வை ஆராயும் வேறொரு பரிசோதனை பற்றி 2022இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. புற்றுநோய் உள்ள நாய்களில் 54.7 சதவீதத்தை அது கண்டுபிடித்தது, நோயற்றவற்றில் 98.5 சதவீதத்தைச் சரியாக விலக்கியது. லிம்போமா (நிணநீர்ப் புற்று), ஹீமாஞ்சியோசர்கோமா, எலும்புப் புற்று மூன்றில் மட்டும் கண்டுபிடிப்பு 85.4 சதவீதம். நல்ல எண்கள்தான். இப்போது, நலமாகத் தெரியும் 1,000 நாய்களில் 20க்கு நோய் ஒளிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அகப்படுபவை 11. தப்புபவை 9. நோயே இல்லாமல் மாட்டிக்கொள்பவை 15! அதாவது, கலங்கி நிற்கும் 26 குடும்பங்களில் பாதிக்கு மேல் வீணாகக் கலங்குகின்றன.

ஆகவே, ‘புற்றுநோய் இல்லை’ என்று எழுதாதீர்கள். ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதுங்கள். அளவு உயர்ந்திருந்தால், வேறு என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்பதையும் அங்கேயே குறிப்பிடுங்கள். லிம்போமாவுக்குச் சிகிச்சை பெறும் நாயைக் கண்காணிப்பது வேறு கதை; அங்கே அதன் பழைய அளவே ஒப்பிடக் கிடைக்கிறது.

எனக்குத் தந்த தாளில் ஓர் எண்ணும் ஒரு சிவப்புக் கட்டமும் இருந்தன. கீழே முக்கால் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

இப்படிக்கு,
நாய் வளர்ப்பவர் ஒருவர்