ஏசிக்கார நண்பனுக்கு

அன்புள்ள சேகர்,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டுவாய். திட்டிவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் நலம். மூர்த்தி அதே பழைய கதையைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

எழுத வைத்தது உன் தொழில்தான். பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் ஏசி அவுட்டோர் யூனிட் அத்தனையையும் எங்கள் ஜன்னலைப் பார்த்து மாட்டிவிட்டார்கள். நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்குச் சந்து. ராத்திரி ஜன்னலைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கிறது. சாத்திவிட்டு நாங்களும் ஏசி போடுகிறோம். எங்கள் யூனிட் எந்தப் பக்கம் ஊதுகிறது என்று மட்டும் கேட்காதே!

அறையிலிருந்து மூன்று பங்கு சூட்டை வெளியே தள்ள ஒரு பங்கு மின்சாரம் செலவானால், தெருவுக்கு வருவது நான்கு பங்கு. இதை நீ எனக்குச் சொன்னதே இல்லையேடா. சந்துக் காற்று சூடாக ஆக கம்ப்ரஸர் இன்னும் திணறும், இன்னும் கரண்டை இழுக்கும், அதுவும் சூடாகி அதே சந்துக்குத்தான் வரும்.

என்னை உறுத்துவது ராத்திரிதான். பகலில் தரையை ஒட்டிய காற்று ஒரு கிலோமீட்டர், அதற்கும் மேலே வரை எழும்பிக் கலந்துவிடும். கட்டடங்கள் கக்குகிற சூடு அதில் கரைந்துபோகும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு சில நூறு மீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. கொஞ்சக் காற்றில் அதே அளவு சூடு. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தைக் கணினி மாதிரியில் வைத்துப் பார்த்த 2014 ஆய்வில், ஏசிக் கழிவுச் சூட்டால் ராத்திரி வெப்பநிலை சில இடங்களில் 1 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடியது. பகலில் சொல்லும்படி ஒன்றுமில்லை. டோக்கியோவின் அலுவலகப் பகுதிகளில் வேலை நாட்களில் 1 முதல் 2 டிகிரி வரை என்று இன்னொரு கணக்கு. உடம்பு ஆறவேண்டிய நேரத்தில் ஊர் ஆறவில்லை என்றால், ஏசி இல்லாதவன் பாடு என்ன? நம் குளிர்ச்சிக்கு அவன் அல்லவா வியர்க்கிறான்.

பழி முழுவதும் ஏசிக்கு இல்லை, சரி. வெயிலைக் குடித்து வைத்திருக்கும் கான்கிரீட்டுக்கும் மரமில்லாத தெருவுக்கும் பெரும் பங்கு உண்டு. ஏசியே இல்லாத காலத்தில், 1818-இல் லூக் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய வானிலை ஆர்வலர் லண்டன் வானிலை பற்றிய தன் புத்தகத்தில், ராத்திரியில் நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதைக் கணக்கிட்டு, வீடுகளில் எரியும் நெருப்பையும் ஒரு காரணமாகச் சொல்லிவிட்டார். விளக்கு, ஃப்ரிட்ஜ், நீ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காரும் அந்த சர்வர் ரூம் என்று கட்டடத்துக்குள் போகும் மின்சாரம் எல்லாம் கடைசியில் சூடுதானே. ஸ்டாக்ஹோமில் கம்ப்யூட்டர்கள் அடுக்கிய டேட்டா சென்டர்களின் சூட்டைக் குழாயில் அனுப்பி வீடுகளைக் கதகதப்பாக்குகிறார்கள். குளிர் நாடு, அவர்களுக்கு வாங்க ஆள் இருக்கிறது.

இப்போது எனக்கு ஒரு பதில் வேண்டும். யூனிட்டுகளை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டால் சந்தாவது தப்புமா, இல்லை செம்புக் குழாய் நீளம் கூடி கரண்ட் இன்னும் செலவாகுமா? பக்கத்துக் கட்டடத்துக்காரர்களோடு பேசப் போகுமுன் தெரிய வேண்டும். போன் பண்ணாதே, எழுது. போனில் நீ விஷயத்தை விட்டுவிட்டு மூர்த்தியைப் பற்றியே பேசுவாய்.

அன்புடன்,
ரகு