வெட்டிக் கொடுத்த ஒன்பது மாத்திரைகள்

மத்திய, மாநிலச் சுகாதாரத் துறைகளில் காசநோய் மருந்து வாங்கி அனுப்பும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் தம்பி கொத்தனார், வயது முப்பத்திநாலு. போன 2023 நவம்பர் கடைசியில் சளிப் பரிசோதனையில் அவனுக்குக் காசநோய் என்று தெரிந்தது. அன்றைக்கு அவன் எடை நாற்பத்தோரு கிலோ. மறுநாளே மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். ஒரு பைசா வாங்கவில்லை, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

முதல் இரண்டு மாதம், 56 நாள், நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை. அடுத்த நான்கு மாதம், 112 நாள், மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை. அவன் எடைக்கு ஒரு நாளைக்கு மூன்று. காலையில் வெறும் வயிற்றில் மூன்றையும் ஒன்றாகப் போட வேண்டும். ஒரு நாளும் விடக் கூடாது, உடம்பு தேறிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடக் கூடாது என்று முதல் நாளே உட்கார வைத்துச் சொன்னார்கள். இடையில் நிறுத்தினால் கிருமி பழகிவிடும், பிறகு இந்த மாத்திரைக்கு அடங்காது என்றார்கள். என் தம்பி அப்படியொன்றும் சொன்ன பேச்சைக் கேட்கிறவன் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கேட்டான். அவனுக்கு நாலு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளைத் தூக்க முடியாமல் ஒரு மாதம் தள்ளியே படுத்திருந்தவன் வேறு என்ன செய்வான்?

பிப்ரவரி வரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதம் ஒரு முறை போனால் போதும். மாதத்துக்கான அட்டைகளை மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். மார்ச் 14ஆம் தேதி போனபோது ஏழு நாளைக்குத்தான் கொடுத்தார்கள். ஸ்டாக் வரும்மா, அடுத்த வாரம் வாங்க என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். அடுத்த வாரம் போனால் மருந்து கொடுக்கிற பெண் ஒரு முழு அட்டையை எடுத்து, கத்தரிக்கோலால் வெட்டி, ஒன்பது மாத்திரையை என் கையில் வைத்தார். மூன்று நாளைக்கு. வெட்டின ஓரம் கூராக இருந்தது, விரலில் கீறியது. மாத்திரையின் பெயரும் காலாவதித் தேதியும் அச்சடித்திருந்த பக்கம் மீதி அட்டையோடு அவரிடமே நின்றுவிட்டது. என் பின்னால் இன்னும் நான்கு பேர் நின்றார்கள். அந்த ஒரு அட்டைதான் எல்லோருக்கும்.

நான் தினமும் கத்தரி பிடிக்கிறவள். ஒரு மீட்டர் துணியில் இரண்டு ஜாக்கெட் வெட்டித் தரச் சொல்லி வருகிறவர்களுக்கு, முடியாது, கை பிடிக்கும், தைத்தாலும் போட முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அந்தப் பெண்ணால் அப்படிச் சொல்ல முடியவில்லை. யாருக்கும் இல்லை என்று சொல்லக் கூடாது என்றுதான் அவர் வெட்டி வெட்டிக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

23ஆம் தேதி இன்னொரு ஒன்பது. அந்த வாரம்தான் காசநோய் தினம். வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். காசநோயை நம்மால் ஒழிக்க முடியும் என்று அதில் எழுதியிருந்தது. அதன் கீழே நின்றுதான் அந்த ஒன்பதை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

27ஆம் தேதி போனேன். ஒன்றுமே இல்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். மாத்திரையில் சேர்ந்திருக்கிற ரிஃபாம்பிசின் என்ற மருந்து செய்கிற வேலை அது, பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆரம்பத்தில் அதைப் பார்த்துப் பயந்தவன், போகப் போக அதையே ஒரு தைரியமாக எடுத்துக்கொண்டான். மருந்து உள்ளே போய் வேலை செய்கிறது, அதற்கு அடையாளம் இது என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். மாத்திரை நின்ற மூன்றாம் நாள் காலையில் கொல்லையிலிருந்து வந்தவன் என்னிடம், "அக்கா, வெளுத்துருச்சு" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. மகளைக் கிட்டே வராதே என்று விரட்டினான். எதற்கு விரட்டுகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை, அழுதாள். மூன்றாம் மாதத்திலேயே சளியில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது, பயப்படாதே என்று நான் சொன்னதெல்லாம் அவன் காதில் ஏறவில்லை.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. டவுனில் மூன்று மருந்துக் கடை ஏறி இறங்கினேன். இந்தச் சேர்மானம் எங்களிடம் இல்லை என்றார்கள் இரண்டு கடையில். மூன்றாவது கடைக்காரர், அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற மருந்தை யார் வந்து வாங்குவார் என்று நாங்கள் அடுக்கி வைப்பது என்று கேட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. காசநோய் மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் தனி நோட்டில் பதிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கண்டபடி விற்று நோய் முற்றிவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட நல்ல சட்டம்தான். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு உறுதிமொழியும் அடங்கியிருக்கிறது இல்லையா? வெளியே தேடாதே, நாங்கள் தருகிறோம் என்று சொன்னது நீங்கள்தானே?

ஆறு நாள். மார்ச் 27இலிருந்து ஏப்ரல் 1 வரைக்கும் அவன் மாத்திரை இல்லாமல் இருந்தான். நடுவில் பெரிய வெள்ளி, ஞாயிறு என்று விடுமுறை வேறு. ஏப்ரல் 2ஆம் தேதி தனித்தனி மாத்திரையாகக் கொடுத்தார்கள். எது எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியும். படிக்கத் தெரியாத வீட்டில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்கள் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மாதத்துக்கான மாத்திரையை மாத முதலிலேயே முழுதாகக் கொடுங்கள். அதற்கு எவ்வளவு இருப்பு வேண்டுமோ, அவ்வளவையும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முன்கூட்டியே வையுங்கள்.

இது எதிர்பாராமல் வந்த பற்றாக்குறை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2023இலேயே பல மாநிலங்களில் மாத்திரை கிடைக்கவில்லை என்று செய்தி வந்தது. அந்தச் செப்டம்பரில் தட்டுப்பாடு என்பதே தவறான செய்தி என்று மத்திய அரசு அறிக்கை விட்டது. ஆறே மாதத்தில், இந்த மார்ச் 18ஆம் தேதி, மருந்து வரத் தாமதமாகும், மூன்று மாதத்துக்குத் தேவையானதை மாநிலங்கள் அவரவரே வாங்கிக்கொள்ளட்டும் என்று டெல்லியிலிருந்து கடிதம் போனது. எங்களுக்கு ஏழு நாள் மாத்திரை கொடுத்தது மார்ச் 14. கடிதம் எழுதும் முன்பே அட்டை தீர்ந்துகொண்டிருந்தது. காசநோயாளிகள் எத்தனை பேர், யார் எந்தத் தேதியில் ஆரம்பித்தார், எத்தனை கிலோ, எந்த நாளில் முடிப்பார் என்று எல்லாமே, காசநோயாளிகளைப் பதிந்து வைக்கிற நிக்ஷய் கம்ப்யூட்டரில் உங்களிடம் இருக்கிறது. திடீரென்று பரவும் காய்ச்சலுக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று கணிப்பது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். நவம்பரில் மாத்திரை ஆரம்பித்தவனுக்கு மார்ச்சில் மாத்திரை வேண்டும் என்பதைக் கணிக்க என்ன கஷ்டம்?

டெண்டர் தாமதம், தரப் பரிசோதனை, கம்பெனிகள் குறைவு, மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று காரணங்கள் இருக்கும். இருக்கட்டும். எல்லாத் தொழிலிலும் சரக்கு தாமதமாகும். எனக்கும் தீபாவளிக்கு லைனிங் துணி தாமதமாகும், அதனால் ஆவணியிலேயே வாங்கி அடுக்கிவிடுவேன். நாட்டின் மருந்தை ஒரே இடத்தில் மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த ஒரு இடத்தில் ஒரு கையெழுத்து தாமதமானால் நாடு முழுக்க அட்டை வெட்டுகிறார்களே?

மாநில அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. 1994இல் மருந்து வாங்குவதற்கென்றே தனிக் கழகம் ஆரம்பித்த மாநிலம் நம்முடையது. மாவட்டக் கிடங்கு, ஆஸ்பத்திரிக்கு ஒரு மருந்துக் கணக்குப் பாஸ்புக், தரம் பார்த்த பிறகே விநியோகம் என்று நாம் செய்த முறையைப் பார்த்து வேறு மாநிலங்கள் கற்றுக்கொண்டு போயின. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் உங்களிடம்தான் இருக்கிறார்கள். டெல்லியிலிருந்து வருகிற மருந்து என்றாலும், அது குறைய ஆரம்பித்தவுடனே நாமே வாங்கி நிரப்ப வழி வேண்டும். கடிதம் வரட்டும் என்று காத்திருந்த நாள்களில்தான் என் தம்பியின் ஆறு நாள் போனது.

இன்னொன்று. 1950களில் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆய்வு நடந்தது. காசநோயாளியை சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்கில் படுக்க வைக்கத் தேவையில்லை, வீட்டிலேயே இருந்து ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் அதே அளவுக்குக் குணமாகும், கூட இருக்கிறவர்களுக்கும் கூடுதல் ஆபத்து இல்லை என்று அந்த ஆய்வு காட்டியது. அதற்கப்புறம்தான் உலகமே மாறியது. குடிசையில் இருக்கிறவனும் குணமாகலாம் என்று ஆனது நம் ஊரில் நடந்த வேலையால். இதைச் சொல்லித்தான் தம்பியை நான் தேற்றினேன். நீ தாம்பரம் சானடோரியத்தில் போய்க் கிடக்க வேண்டாம், வீட்டிலேயே சரியாகிவிடும் என்றேன். அந்த ஏற்பாடு முழுக்க நிற்பது ஒரே ஒரு தூணில்: வீட்டில் மாத்திரை இருக்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை தேர்தல். என் தம்பியின் பெயர், வரிசை எண், வாக்குச்சாவடி எல்லாம் அச்சடித்த சீட்டு பத்து நாள் முன்பே வீடு தேடி வந்தது. மலை மேல் இருக்கிற ஊருக்கும் ஓட்டு மெஷின் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட பொருள், கடைசி ஆள் வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்று இந்த அரசாங்கம் நினைத்தால் செய்ய முடிகிறது. கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் மன்னிக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. பெண் என்பதால் எனக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, அது பெரிய உதவி. ஆனால் மார்ச்சில் மட்டும் ஆறு தடவை கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். தம்பி போயிருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போயிருக்கும். சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 500 ரூபாய் என்று அறிவித்திருந்தீர்கள். தம்பிக்கு இரண்டு மாதம் வந்தது. அந்தக் காசில் முட்டை வாங்கினோம். மாத்திரை இல்லாத ஆறு நாளும் முட்டை மட்டும் இருந்தது.

தம்பியைவிட எனக்கு அதிகம் வலித்தது வேறு ஒன்று. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு போன் வந்தது. ஏன் ஆறு நாள் மாத்திரை போடவில்லை என்று கேட்டார்கள். கேட்ட பிள்ளை பாவம், திரையில் இருப்பதைப் பார்த்துக் கேட்கிறது. ஆனால் தம்பி அதைக் கேட்டுக் கூனிக் குறுகிப் போனான். தான் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி, "இல்லீங்க, இனிமே விட மாட்டேன்" என்று சொன்னான். தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்துங்கள். அவன் மருந்தை விடவில்லை. அந்த ஆறு நாளுக்கு நேராக மருந்து இல்லை என்று எழுதுங்கள். தட்டுப்பாட்டால் எத்தனை பேருக்கு எத்தனை நாள் விட்டுப்போனது என்ற கணக்கு அப்போதுதான் உங்களுக்கே கிடைக்கும்.

உலகத்தில் காசநோய் வருகிற நாலு பேரில் ஒருவருக்கு மேல் நம் நாட்டில்தான் இருக்கிறார். 2025க்குள் ஒழிப்போம் என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த வருஷம் நடக்குமா நடக்காதா என்று வாதாட எனக்குத் தெரியாது. மாதத்துக்கான மாத்திரையை மாத முதலிலேயே முழுதாகக் கொடுங்கள் என்று மட்டும் மறுபடியும் கேட்கிறேன். இருப்பு குறைந்தால் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். பக்கத்து நிலையத்திலிருந்து வாங்கிக்கொள்ளவோ, கடையில் வாங்கிய பில்லைக் கொடுத்துப் பணம் பெறவோ வழி என்ன என்று வாசலில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். பணம் திருப்பித் தரலாம் என்று அந்த மார்ச் கடிதத்திலேயே இருந்ததாமே, அதை எங்கள் ஊரில் ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை.

தம்பிக்கு இன்னும் முப்பது நாள் பாக்கி. இப்போது எடை நாற்பத்தாறு கிலோ, ராத்திரி வியர்வை நின்றுவிட்டது. இரண்டு நாளாக மகளை மறுபடி மடியில் வைத்துக்கொள்கிறான். கையில் நான்கு நாளுக்கு மாத்திரை இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை நான் மறுபடி போக வேண்டும். அன்றைக்கு அந்தப் பெண் கத்தரியை எடுக்காமல் முழு அட்டையை எடுத்துத் தரும்படி செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு காசநோயாளியின் அக்கா
22 ஏப்ரல் 2024