பட்டுவின் எடை

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

ஆத்தா எழுதுவது. நீ விட்டுப்போன பூனை பட்டு நன்றாக இருக்கிறாள். தராசைப் பார்த்துவிட்டுத்தான் இப்படி எழுதுகிறேன்.

பெங்களூரில் நீ எடுத்திருக்கும் குட்டி துள்ளி விளையாடுகிறது, அதற்கு எதற்கு டாக்டர் என்று போனில் கேட்டாயே. நானும் அப்படித்தான் இருந்தேன். ஆடு மாட்டுக்கு டாக்டர் சரி, பூனை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பாள் உன் அப்பத்தா. நீ திட்டுவாயே என்று வருஷா வருஷம் வெறிநோய் ஊசிக்கு மட்டும் கூட்டிப்போவேன்.

இந்தத் தடவை டாக்டர் எடை போட்டார். 3 கிலோ 600. போன வருஷத்து அட்டையில் 4 கிலோ 200. தினமும் என் மடியில் கிடக்கிறவள், எனக்குத் தெரியவில்லை பார். ரோமம் மறைத்துவிட்டது. 70 கிலோ இருக்கிற உன் அப்பச்சி 10 கிலோ இளைத்த கணக்கு அது.

வாயைத் திறந்து காட்டினார். கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு செக்கச்செவேல் என்று இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதமாகவே தலையை ஒரு பக்கம் சாய்த்துத்தான் தின்றாள், தட்டைச் சுற்றிச் சோறு சிந்திக் கிடக்கும். கிழவிக்குக் கொழுப்பு என்று நினைத்தேன். பூனை வலியை வெளியில் காட்டாதாம். 11 வயது ஆகிறதே என்று ரத்தம் எடுத்துச் சிறுநீரகம், தைராய்டும் பார்த்தார்கள். கோளாறு இல்லை. மயக்கம் கொடுத்துப் பல்லைப் பிடுங்கினார்கள். இப்போது 3 கிலோ 850.

இதைக் கேள். அதற்கு முந்தின வாரம், உடம்பு சுடுகிறது என்று அப்பச்சி அரைப் பாராசிட்டமால் மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுக்கப் போனார். அன்றைக்குப் பார்த்து வீட்டில் பால் இல்லை, பிழைத்தாள். பூனையின் உடம்புச் சூடே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்டாம், நம் கைக்கு எப்போதும் சுடத்தான் செய்யும். அந்த மருந்தை முறிக்கப் பூனையின் ஈரலால் முடியாது, அரை மாத்திரையே உயிரைக் குடித்துவிடும் என்றார் டாக்டர். அப்பச்சி திரும்பி வரும் வழியெல்லாம் பேசவே இல்லை.

கூட்டிப்போவது முன்பு மாதிரிக் கஷ்டமில்லை. கூடையைத் திறந்தபடி நாலு நாள் பட்டாலைக் கூடத்தில் போட்டு, உள்ளே என் பழைய கண்டாங்கிச் சேலையை விரித்தேன். அவளே ஏறிப் படுத்தாள், சாத்திக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். குடற்பூச்சி மாத்திரைதான் பெரும்பாடு, அதுவும் 3 மாதத்துக்கு ஒருமுறை. இரண்டாங்கட்டில் எலி பிடிக்கிறவளுக்கு விடவும் முடியாது. நெத்திலிக்குள் வைத்துக் கொடுத்தேன். மீனைத் தின்றுவிட்டு, மாத்திரையை நக்கிச் சுத்தமாக்கி தரையில் ஆத்தங்குடிக் கல்லின் பூ நடுவில் வைத்திருந்தாள்!

உன் குட்டிக்கு 8 வாரம் ஆனதும் முதல் தடுப்பூசி. பிறகு 3, 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரைக்கும். வெறிநோய் ஊசி 3 மாதத்தில். பெட்டை என்றால் கருத்தடையைத் தள்ளிப்போடாதே, 4 மாதத்திலேயே சினை பிடித்துவிடலாம்.

அப்புறம், அப்பச்சி இன்னும் எனக்குத் தெரியாமல் பட்டுவுக்குப் பால் வைக்கிறார். அவளுக்கு அது சேராமல் வயிற்றால் போகிறது, மறுநாள் வளவு முற்றத்தைக் கழுவுகிறது நான். என் பேச்சு எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொல்லு.

ஆத்தா